வீட்டுக்காரர் பழுது பார்க்க மறுக்கிறாரா?

மும்பையில் ஜூன் இரண்டாம் வாரம் மழை வந்துவிடும். அதற்கு முன்பே பழைய கட்டிடங்களின் தலையில் நீலத் தார்ப்பாய் ஏறிவிடும். மாட்டுங்கா, தாதர், வடாலா, சயான் பகுதிகளில் பழைய மாடிக் கட்டிடங்களிலும் சால்களிலும் குடியிருக்கும் நம்மவர்களுக்கு இது ஆண்டுதோறும் பார்க்கும் காட்சி. அந்தத் தார்ப்பாயை வாங்கியது யார் என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் குடியிருப்பவராகத்தான் இருக்கும்.

கூரை ஒழுகுகிறது. மேல்தளத்துக் காரை பெயர்ந்து சோற்றுத் தட்டில் விழுகிறது. படிக்கட்டின் மரக் கைப்பிடி ஆடுகிறது. பொதுக் கக்கூஸின் குழாய் உடைந்து கீழ் வீட்டுச் சுவர் ஊறிப் போயிருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால், "நீங்கள் கொடுக்கிற வாடகைக்கு இதற்கு மேல் என்ன செய்ய முடியும்?" என்கிறார். அல்லது அவருடைய குமாஸ்தா, "சேட்டிடம் சொல்கிறேன்" என்கிறார். இரண்டு பதிலுக்கும் பலன் ஒன்றுதான்.

வீட்டுக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். 1947ஆம் ஆண்டு பம்பாய் வாடகைச் சட்டம், பழைய வீடுகளின் வாடகையை 1940 செப்டம்பர் 1ஆம் தேதி இருந்த அளவிலேயே கட்டிப் போட்டுவிட்டது. அரிசி விலை ஏறியது, சிமெண்ட் விலை ஏறியது, மேஸ்திரி கூலி ஏறியது. வாடகை மட்டும் ஏறவில்லை. இப்படியே நிறுத்தி வைப்பது நியாயமல்ல என்று சுப்ரீம் கோர்ட்டே 1997 டிசம்பரில் சொன்னது. அதன் பிறகு வந்த மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் (1999ஆம் ஆண்டுச் சட்டம், 2000 மார்ச் 31 முதல் அமல்) ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்த்திக்கொள்ள வழி செய்தது. இருபது ரூபாய்க்கு நாலு சதவீதம் என்றால் எண்பது காசு. அதை வைத்துக்கொண்டு கூரை மாற்ற முடியாதுதான்.

ஆனால் பகடிப் பணம் கைமாறும்போது வாங்கிய பங்கை வீட்டுக்காரர் மறந்துவிடுகிறார். கட்டிடம் நிற்கும் நிலத்தின் இன்றைய விலையையும் அவர் பேச்சில் கொண்டுவருவதில்லை. கட்டிடம் தானாக விழுந்தால் நிலம் காலியாகும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. அங்கேதான் இது பணத் தகராறு என்ற நிலையைத் தாண்டி உயிர்ப் பிரச்சினை ஆகிறது. 2017 ஆகஸ்ட் 31ஆம் தேதி பிண்டி பஜாரிலும், 2019 ஜூலை 16ஆம் தேதி டோங்கிரியிலும் கட்டிடங்கள் சரிந்தபோது உள்ளே இருந்தவர்கள் சமைத்துக்கொண்டும் தூங்கிக்கொண்டும் இருந்த சாதாரணக் குடும்பத்தினர்.

சட்டம் என்ன சொல்கிறது?

1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் பழுது பார்த்து வைத்திருப்பது வீட்டுக்காரரின் கடமை என்று அது தெளிவாகக் கூறுகிறது. ஒரே ஒரு விலக்கு: "பழுதை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று குடியிருப்பவர் ஒப்பந்தம் செய்திருந்தால் அந்தக் கடமை நீங்கிவிடும். இந்த ஒரு வரி பல பழைய ஒப்பந்தத் தாள்களில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். கையெழுத்துப் போடும் முன் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக்காரர் கடமையைச் செய்யாவிட்டால்? 15 நாளுக்குக் குறையாத அவகாசம் கொடுத்து அவருக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அதன் பிறகும் நியாயமான காலத்துக்குள் பழுது பார்க்காவிட்டால், குடியிருப்பவரே தனியாகவோ மற்றவர்களுடன் சேர்ந்தோ பழுது பார்த்துக்கொள்ளலாம். செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் ஆண்டில் கழிக்கும் தொகை அந்த ஆண்டின் வாடகையில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இந்த நான்கில் ஒரு பங்கு என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 200 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 2,400 ரூபாய். அதில் கால் பங்கு 600 ரூபாய். கூரை வேலைக்கு 36,000 ரூபாய் ஆகிறது. ஒருவர் மட்டும் செலவு செய்தால் அதைக் கழித்து முடிக்க அறுபது ஆண்டு வேண்டும்! அவர் பேரன்தான் கணக்கை முடிக்க வேண்டும். அதே மாடியில் ஒரே வாடகை கொடுக்கும் பன்னிரண்டு குடும்பங்கள் சேர்ந்து செய்தால் ஒருவர் பங்கு 3,000 ரூபாய். ஐந்தே ஆண்டில் கழிந்துவிடும். சட்டம் கூட்டாகச் செய்ய இடம் கொடுப்பதன் பலன் இதில்தான் இருக்கிறது. ஆனால் நம் கட்டிடங்களில் நடப்பது என்ன? மேல்மாடிக்காரர் வீட்டில் ஒழுகினால் கீழ்மாடிக்காரர், "எனக்கென்ன?" என்கிறார். மேலே ஒழுகும் தண்ணீர் சுவர் வழியாகக் கீழேதான் இறங்கும் என்பது அவருக்கு மறுமழையில் தெரிகிறது.

நோட்டீஸ் எழுதுவது எப்படி?

இதற்கு வக்கீல் வேண்டுமென்ற அவசியமில்லை. ஆங்கிலத்திலோ மராத்தியிலோ ஒரு பக்கம் போதும். தேதி, கட்டிடத்தின் பெயர், அறை எண், வாடகை ரசீதில் உள்ள பெயர் ஆகியவை முதலில் வரட்டும். அடுத்து எந்த இடத்தில் என்ன பழுது, எப்போதிலிருந்து என்பதை எழுதுங்கள். "வீடு ரொம்ப மோசம்" என்று எழுதினால் பயனில்லை. "சமையலறை மேல்தளத்தில் கம்பி வெளியே தெரிகிறது, மோரியை ஒட்டிய சுவரில் விரல் நுழையும் அளவு விரிசல்" என்று எழுதுங்கள். 14ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, 15 நாளுக்குள் வேலையைத் தொடங்கும்படி கேளுங்கள். பழுதுகளைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூட்டு நோட்டீஸ் என்றால் ரசீதுக்கு உரியவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும்.

யாருக்கு அனுப்புவது என்பதிலும் குழப்பம் வரும். கட்டிடம் இரண்டு கை மாறியிருக்கும். வாடகை வசூலிக்க வருகிறவருக்கே முதலாளி யார் என்று சரியாகத் தெரியாது. கடைசி வாடகை ரசீதில் உள்ள பெயருக்கு அனுப்புங்கள். சந்தேகம் இருந்தால் மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் சொத்து வரி யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள்.

பழைய பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைந்துவிட்டது. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, பட்டுவாடா ஆனதற்கான சான்றை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு உறை திரும்பி வந்தால் வருத்தப்பட வேண்டாம், அதுவும் சாட்சிதான். உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

வேலையைத் தொடங்கினால் ஒவ்வொரு காசுக்கும் ரசீது வேண்டும். செலவுக்குக் குடியிருப்பவர் வைத்திருக்கும் கணக்கும் ரசீதுகளும்தான் ஆதாரம். நாக்காவில் நின்று கூட்டிவரும் மேஸ்திரி பில் கொடுக்க மாட்டார். ஒரு தாளில் வேலை விவரம், கூலி, தேதி எழுதி அவரிடம் கையெழுத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள். பழுது பார்க்கிறோம் என்று சொல்லிப் புதுச் சுவர் எழுப்புவதும், மாடியில் புதிதாக ஒரு தளம் போடுவதும் ஆபத்து. வீட்டுக்காரரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் நிலையான கட்டுமானம் செய்தால் அதையே காரணம் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடலாம்.

வாடகையை நிறுத்தாதீர்கள்

கோபத்தில் பலர் செய்யும் காரியம் இது. "பழுது பார்க்கும் வரை ஒரு பைசா தர மாட்டேன்" என்கிறார்கள். வீட்டுக்காரர் எதிர்பார்ப்பதும் அதைத்தான். பாக்கி சேர்ந்ததும் நோட்டீஸ் வரும். 90 நாளுக்குள் கட்டாவிட்டால் ஸ்மால் காஸஸ் கோர்ட்டில் வழக்கு. பழுது விவகாரம் அங்கே பின்னுக்குப் போய், வாடகை பாக்கிதான் முன்னுக்கு நிற்கும். சட்டப்படி கழிக்கக்கூடிய தொகையைக் கணக்கு எழுதிக் கழித்து, மீதியை மாதாமாதம் செக்காகவோ வங்கி மூலமாகவோ செலுத்துங்கள். ரசீது கொடுப்பது வீட்டுக்காரரின் கடமை. புகார் செய்ததற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தினால், அதே சட்டத்தின் 29ஆம் பிரிவின்படி கோர்ட்டில் மனு கொடுத்து மீண்டும் பெறலாம்.

ரசீது யார் பெயரில்?

நம்மவர்களில் பலர் வாய் திறக்காமல் இருப்பதற்கு உண்மைக் காரணம் இதுதான். ரசீது பெரியப்பா பெயரில் இருக்கும். அவர் ஓய்வு பெற்றுத் திருநெல்வேலிக்கோ பாலக்காட்டுக்கோ போய்ப் பல காலம் ஆகியிருக்கும். அறையில் இருப்பது தம்பி மகன். புகார் எழுதினால், "நீ யார்?" என்று வீட்டுக்காரர் கேட்பார் என்ற பயம். பயம் வீணானதல்ல. அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டதாகச் சொல்லியும், காரணமின்றி ஆறு மாதம் பயன்படுத்தாமல் பூட்டி வைத்ததாகச் சொல்லியும் வழக்குப் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ரசீதுக்குரியவர் இறந்துபோனால், அப்போது அவருடன் வசித்துவந்த குடும்பத்தினர் வாடகை உரிமையைத் தொடரலாம். ஆகவே குடும்பத்தினர் எல்லோரும் ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், ஆதார் முதலியவற்றில் அந்த முகவரியைச் சரியாக வைத்திருப்பது அவசியம். பெரியவர் ஊரில் உயிரோடு இருந்தால், பெயர் மாற்றத்தை அவர் இருக்கும்போதே பேசி முடியுங்கள். காரியம் நடந்த பிறகு பேசினால் வீட்டுக்காரர் கேட்கும் தொகை வேறு.

செஸ் கட்டிடமா?

மும்பைத் தீவு நகரில், அதாவது தெற்கிலிருந்து மாஹிம், சயான் வரை, 1969 செப்டம்பர் 30க்கு முன் கட்டப்பட்ட தனியார் கட்டிடங்களில் பெரும்பாலானவை பழுது வரி செலுத்தும் 'செஸ்' கட்டிடங்கள். உங்கள் வாடகை பில்லில் 'ரிப்பேர் செஸ்' என்று ஒரு தொகை இருந்தால் நீங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தவர். அந்தப் பணம் கட்டுகிறவருக்கு, மாடா நிறுவனத்தின் கீழ் உள்ள பழுது வாரியத்திடம் போய்க் கேட்கும் உரிமை உண்டு. தலைமை அலுவலகம் பாந்திரா கிழக்கில் கிருக நிர்மாண் பவனில் இருக்கிறது. தூண், தூலம், படிக்கட்டு போன்ற கட்டிடத்தின் ஆதாரமான பகுதிகள்தான் வாரியத்தின் வேலை. உங்கள் அறைக்குள் வெள்ளையடிக்க அவர்கள் வர மாட்டார்கள். வாரியத்தின் வேகத்தைப் பற்றி ரொம்பப் புகழ்ந்து எழுத முடியவில்லை. தற்காலிக முகாமுக்குப் போனவர்கள் அங்கேயே பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவைத்த கதைகள் பிரதீக்ஷா நகரில் உண்டு. இருந்தாலும் எழுத்தில் புகார் கொடுத்துப் பதிவு எண் வாங்குவது நல்லது.

செம்பூர், குர்லா, முலுண்ட், கோரேகாவ் ஆகிய புறநகர்களுக்கு இந்த வாரியம் கிடையாது. அங்கே மாநகராட்சிதான். 30 ஆண்டைத் தாண்டிய கட்டிடத்துக்குப் பலச் சோதனை செய்ய மாநகராட்சிச் சட்டத்தில் 353-பி என்ற பிரிவு இருக்கிறது. சோதனைக்குப் பிறகு கட்டிடத்தை வகைப்படுத்துவார்கள். 'சி-1' என்று வந்தால் உடனே காலி செய்து இடிக்க வேண்டியது. 'சி-2' என்றால் பெரும் பழுது வேலை. 'சி-3' என்றால் சிறு பழுது. அவசர ஆபத்து என்றால் 1916 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

'சி-1' என்றதும், "வெளியேறினால் உரிமை போய்விடுமே" என்று விழும் கட்டிடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டிடம் இடிக்கப்பட்டதால் மட்டும் வாடகை உரிமை அழிந்துவிடாது என்று 2014இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியிருக்கிறது. காலி செய்யும் முன் உங்கள் அறையின் அளவை மாநகராட்சியார் அளந்து பதிவு செய்கிறார்களா என்று பார்த்து, அதன் நகலை வாங்கிக்கொண்டு, பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள்.

பதினொரு மாத ஒப்பந்தக்காரர்கள்

இன்று புதிதாக மும்பைக்கு வரும் குமாஸ்தாக்களும் தொழிலாளர்களும் பகடி வீட்டுக்குப் போவதில்லை. 'லீவ் அண்ட் லைசென்ஸ்' என்ற பதினொரு மாத ஒப்பந்தம்தான். இவர்களுக்கு 14ஆம் பிரிவின் துணை இல்லை, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பலம். தண்ணீர்க் குழாய், மின் வயரிங், கூரை ஒழுகல் ஆகிய பெரிய பழுதுகள் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். புரோக்கர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது மகாராஷ்டிரத்தில் கட்டாயம், அது வீட்டுக்காரரின் பொறுப்பு. பதிவு செய்யாவிட்டால், ஒப்பந்த நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மாறாக நிரூபிக்கப்படாத வரை, ஏற்கப்படும்.

குடிபோகும் நாளிலேயே சுவர், தரை, குழாய், ஜன்னல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். பதினொரு மாதம் கழித்து டெபாசிட்டைத் திருப்பிக் கேட்கும்போது, "சுவரில் ஈரம் பிடித்துப் போச்சு, பெயிண்ட் செலவு பத்தாயிரம்" என்று கணக்குச் சொல்வார்கள். அந்த ஈரம் நீங்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது என்பதை அந்தப் போட்டோ காட்டும்.