ஆங்கில மிகுதியடைகளும் குர்லாத் தமிழரின் பேச்சுவழக்கும்

மும்பையின் குர்லா நிலையத்தில் மத்திய இருப்புப்பாதையும் துறைமுகப் பாதையும் சந்திக்கின்றன. ஒருபுறம் தாராவியும் மாட்டுங்காவும், மறுபுறம் செம்பூரும் அமைந்துள்ளன. இப்பகுதிகளில் வாழும் தமிழருள் பலர் வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும் மராத்தியும், பள்ளியிலும் அலுவலகத்திலும் ஆங்கிலமும் வழங்குகின்றனர். இவர்தம் அன்றாட ஆங்கிலத்தில் ஒரு கூறு செவிக்கு உடனே புலனாகிறது. ‘வெரி’ வரவேண்டிய இடத்தில் ‘டூ’ வருகிறது. ‘படம் டூ குட்’, ‘டுடே டூ ஹாட்’ என்பன போன்ற தொடர்களை ஆசிரியர்கள் பிழையெனச் சிவப்பு மையால் அடிப்பதுண்டு. பிழை என்பதோடு நிறுத்திக்கொண்டால் அதன் காரணம் விளங்காது. இக்கட்டுரை அக்காரணத்தைத் தமிழின் பொருண்மை அமைப்பில் தேடுகிறது.

ஆங்கிலத்தில் ‘வெரி’ ஒரு பண்பின் அளவு உயர்ந்தது என்று மட்டுமே கூறும். ‘டூ’ அவ்வளவு ஓர் எல்லையைக் கடந்துவிட்டது என்று கூறும். அதனால் ஒரு செயல் நிகழ இயலாமற் போவதையும் உடன் குறிக்கும். ‘டீ டூ ஹாட்’ என்றால் அதனைக் குடிக்க இயலாது என்பது பொருள். தமிழில் ‘டீ ரொம்பச் சூடு’ என்னும் தொடர் இவ்விரண்டனுள் எதனைக் குறிக்கிறது? இரண்டனையும் குறிக்கும். சூடான டீயை விரும்புபவர் அதனைப் பாராட்டாகவும், நாக்கைச் சுட்டுக்கொண்டவர் குறையாகவும் சொல்லலாம். இந்தியின் ‘பஹுத்’, மராத்தியின் ‘கூப்’ ஆகியனவும் பெரும்பாலும் இத்தகையனவே. ஆகவே குர்லாவில் வளரும் குழந்தைக்கு வீட்டுமொழியும் தெருமொழியும் ஒரே பாடத்தைக் கற்பிக்கின்றன.

இதனால் தமிழில் மிகையை உணர்த்த வழியில்லை என்று முடிவுசெய்துவிடலாகாது. ‘இந்தச் சட்டை பெரிசு’ என்பதையும் ‘இவனுக்கு இந்தச் சட்டை பெரிசு’ என்பதையும் ஒப்பிடுக. முன்னது சட்டையின் அளவைக் கூறுகிறது. பின்னது சட்டை இவனுக்குப் பொருந்தாது என்கிறது. ஆங்கிலத்தில் ‘டூ’ செய்யும் பணியை இங்கு நான்காம் வேற்றுமை உருபு செய்கிறது. மிகுதியடை எதுவும் இல்லாமலேயே மிகைப்பொருள் கிடைப்பதைக் கவனிக்கவேண்டும். மராத்தியிலும் ‘ஹா ஷர்ட் மலா மோட்டா ஹோதோ’ என நான்காம் வேற்றுமையே இப்பொருளைத் தருகிறது. எனவே மாணவரிடம் இல்லாதது மிகை என்னும் கருத்தன்று. அக்கருத்து ஆங்கிலத்தில் எச்சொல்லில் உறைகிறது என்னும் அறிவே.

இவ்வேறுபாடு வகுப்பறையோடு நின்றுவிடுவதன்று. மருத்துவமனைகளில் தமிழ் மட்டுமே அறிந்த பெரியவர்களுக்குப் பிள்ளைகளே மொழிபெயர்ப்பாளர்கள். ‘மாத்திரை ரொம்பக் கடுமையா இருக்கு’ என்று தாய் சொன்னால், மகள் ‘வெரி ஸ்ட்ராங்’ என்று சொல்வதா, ‘டூ ஸ்ட்ராங்’ என்று சொல்வதா? பின்னதைக் கேட்கும் மருத்துவர் மருந்தின் அளவைக் குறைக்க எண்ணலாம். முன்னதைக் கேட்பவர் அப்படியே விட்டுவிடலாம். தாயின் தொடரில் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கான சான்று இல்லை. ‘உனக்கு ஒத்துக்கலையா?’ என்று மகள் திரும்பக் கேட்டாலன்றி உண்மை புலப்படாது. மொழிபெயர்ப்புப் பயிற்சி நூல்கள் இத்தகைய வினாக்களுக்கு இன்னும் கூடுதல் இடம் தரலாம்.

‘ரொம்ப’ என்பது ‘நிரம்ப’ என்பதன் திரிபு. திருநெல்வேலி வழக்கில் ‘ரெம்ப’ என்று ஒலிப்பதைத் தாராவியில் இன்றும் கேட்கலாம். இச்சொல் ‘ரொம்ப நல்ல’ எனப் பெயரடையையும், ‘ரொம்பப் பிடிக்கும்’ என வினையையும், ‘ரொம்பப் பேர்’ எனப் பெயரையும் தழுவும். ஆங்கிலம் இம்மூன்றிடத்தும் வெவ்வேறு வடிவங்களை வேண்டும்: பெயரடைக்கு ‘வெரி’, வினைக்கு ‘வெரி மச்’, பெயருக்கு ‘மெனி’ அல்லது ‘மச்’. ‘ஐ வெரி லைக்’ என்னும் தொடர் பிறப்பது இவ்விடத்திலேதான்.

மிகுதியடைகள் விரைவில் தேய்பவை. உறு, தவ, நனி ஆகிய மூன்றையும் மிகுதிப்பொருளனவாகத் தொல்காப்பியர் உரியியலில் கூறினார். நன்னூலார் சால, கூர், கழி ஆகியவற்றையும் சேர்த்து ஆறாக்கினார். இவற்றுள் ஒன்றேனும் இன்று தமிழ்ப் பேச்சில் தனித்து வழங்குவதில்லை. ‘சால’ மட்டும் தெலுங்கில் ‘சாலா’ என உயிர்வாழ்கிறது. ஆங்கிலத்தின் நிலையும் இதுவே. பழைய ஆங்கிலத்தின் ‘ஸ்வீதெ’ மறைந்தது. ‘உண்மையான’ என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த ‘வெரி’ பின்னர் நிலைபெற்றது. யார்க் நகரப் பேச்சை ஆராய்ந்து ரிகா இட்டோவும் சாலி டாலியமாண்டேவும் 2003இல் வெளியிட்ட கட்டுரை, முதியோர் ‘வெரி’யையும் இளையோர் ‘ரியலி’யையும் மிகுதியாகக் கையாள்வதைக் காட்டியது. ‘ரியலி’யும் உண்மையைக் குறிப்பதே என்பது சுவையான செய்தி. அச்சத்திலிருந்து ‘டெரிபிளி’ பிறந்ததைப் போலத் தமிழில் ‘பயங்கர’ பிறந்தது. ‘பயங்கர அழகு’ என்போர் அஞ்சுவதில்லை.

ஒருபொருட் சொற்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்விப்பது பயனற்றது என்பது என் கருத்து. ‘ஹைலி’, ‘டீப்லி’, ‘பிட்டர்லி’, ‘அட்டர்லி’ யாவும் ‘மிகவும்’ என்று அகராதி காட்டும். ஆயினும் குளிருக்கு ‘பிட்டர்லி’யும், வருத்தத்திற்கு ‘டீப்லி’யும், பரிந்துரைக்கு ‘ஹைலி’யுமே பொருந்தும். தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. கடுங்குளிர் என்போம், கடுமகிழ்ச்சி என்னோம். ஆழ்ந்த வருத்தம் உண்டு, ஆழ்ந்த வெயில் இல்லை. கன்னங்கரேல், செக்கச்செவேல், பச்சைப்பசேல் என நிறந்தோறும் தனித்தனி மிகுதி வடிவம் வைத்துள்ள மொழியினர், சொற்சேர்க்கை என்னும் கருத்தை எளிதில் பற்றிக்கொள்வர். ‘க்வைட்’ மட்டும் சற்று இடர்தரும். பிரித்தானியர் ‘க்வைட் குட்’ என்றால் பெரும்பாலும் அது ‘பரவாயில்லை’ என்னும் அளவினதே. ‘க்வைட் இம்பாஸிபிள்’ என்றாலோ முற்றிலும் இயலாது என்பது பொருள்.

‘டூ குட்’ என்பது இந்திய ஆங்கிலத்தில் பாராட்டாகவே பரவிவிட்டது. அதனைக் கேட்டு எவரும் தவறாக விளங்கிக்கொள்வதில்லை. சூடு, விலை, தொலைவு, அளவு ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களோடு ‘டூ’ சேரும்போதுதான் பொருள் மயங்குகிறது. அவ்விடங்களில் ‘யாருக்கு? எதற்கு?’ என்னும் வினாக்களை மாணவர் தமிழிலேயே எழுப்பிப் பார்க்கலாம். நான்காம் வேற்றுமை விடையாக வருமாயின் ‘டூ’ பொருந்தும்; வாராதாயின் ‘வெரி’ போதும்.