ஆயில் ஃபில்டர் கழலவே மாட்டேங்குதா? ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க

வழக்கமா எஸ்.ஐ.பி., வருமான வரின்னு பேசுற இடத்துல இன்னைக்குக் கை நிறைய ஆயிலோட வந்திருக்கேன். "பைக் சர்வீஸை வீட்டிலேயே பண்ணா செலவு குறையுமா சார்?"னு உங்கள்ல பல பேர் கேக்குறீங்க. குறையும். ஆனா எவ்வளவு குறையும், எப்போ அதுவே நஷ்டமா மாறும்னு தெரிஞ்சுக்கிட்டு இறங்கணும். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு 3,200 ரூபாய் பாடம்.

ஆரணியில் என்ன நடந்தது?

என் சித்தி பையன் ஆரணியில் இருக்கான். செய்யாறு சிப்காட்டில் வேலை, மாசம் 30,000 ரூபாய் சம்பளம். வேலைக்குக் கம்பெனி பஸ். வேலூர், திருவண்ணாமலைன்னு சுத்த, செகண்ட் ஹேண்டில் வாங்கின ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாத்த உட்கார்ந்தான். முதல் வேலையா பழைய ஆயிலை முழுசா இறக்கிட்டான். அப்புறம் ஃபில்டர்ல கை வெச்சா, அசையவே இல்ல. துணி சுத்திப் பார்த்தான், பழைய பெல்ட் போட்டு இழுத்தான். கடைசியில ஸ்க்ரூடிரைவரைச் சுத்தியால் அடிச்சு ஃபில்டருக்குள்ள இறக்கி, அதையே கைப்பிடியா வெச்சுத் திருகினான். தகரம் கிழிஞ்சு கையோட வந்துடுச்சு. அடித்தட்டு மட்டும் எஞ்சின்லயே ஒட்டிக்கிட்டு நின்னுது.

சாயங்காலம் எனக்கு போன்: "அண்ணா, ஆயிலையும் இறக்கிட்டேன், ஃபில்டரும் கிழிஞ்சுடுச்சு. வண்டிய ஸ்டார்ட் கூட பண்ண முடியாது. இப்ப என்ன பண்றது?"

மறுநாள் லீவு போட்டுக் குட்டியானையில வண்டியை ஏத்திக்கிட்டுப் போனான். மெக்கானிக் பார்த்ததும் சொன்னது இதுதான்: "இன்னாபா, டப்பாவ கிழிச்சி எடுத்தாந்துக்கிற? ஆயில் இருக்கசொல்லவே ஓட்டிக்கினு வந்திருந்தா பத்து நிமிஷ வேலைபா." மொட்டை உளியை அடித்தட்டோட விளிம்புல வெச்சு, கழலுற திசையில கொஞ்சம் கொஞ்சமா தட்டித்தான் எடுத்தாரு.

குட்டியானை வாடகை 1,200 ரூபாய். மெக்கானிக் கூலி 1,000. லீவு பாக்கி இல்லாததால ஒரு நாள் சம்பளப் பிடித்தம் 1,000. மொத்தம் 3,200.

உண்மையான மிச்சம் எவ்வளவு?

இங்கதான் நிறைய பேர் தப்பா கணக்குப் போடுறாங்க. சர்வீஸ் பில்லோட மொத்தத் தொகை உங்க மிச்சம் கிடையாது. ஆயிலும் ஃபில்டரும் எங்க மாத்தினாலும் காசு கொடுத்துத்தான் வாங்கணும். மிச்சமாகுறது கூலி மட்டும்தான்.

அவனோட முந்தைய பில்லில் ஆயில் மாத்தின கூலி 600 ரூபாய், அதுக்கு 18% ஜி.எஸ்.டி. 108. ஆக 708. அந்த வண்டிக்கு ஆயில் மாத்துற இடைவெளி 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம். அவன் ஓட்டுற அளவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவைதான். 708 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் 3,200 ரூபாய் போச்சு. நாலரை வருஷ மிச்சம் ஒரே நாள்ல காலி.

அதுக்காக வீட்டு சர்வீஸே வேண்டாம்னு நான் சொல்லல. சரியான டூல்ஸோட பண்ணா என்ன ஆகும்? நாங்க அப்புறம் வாங்கின விலை: கப் மாதிரி ஃபில்டர் மேல உட்காருற ஃபில்டர் ரென்ச் 450, டார்க் ரென்ச் 1,800, ஆயில் பிடிக்கிற ட்ரே 250. மொத்தம் 2,500. தனியா வாங்கினா நாலாவது ஆயில் மாத்தும்போதுதான் முதல் வெளிய வரும். டார்க் ரென்ச்சை மட்டும் மூணு நண்பர்கள் சேர்ந்து வாங்கினா உங்க பங்கு மொத்தம் 1,300. ரெண்டாவது தடவையிலயே போட்ட காசு வந்துடும். உங்க பழைய பில்லை எடுத்து, அதுல இருக்கிற கூலியைப் போட்டு இதே கணக்கைப் பண்ணிப் பாருங்க.

முதல்ல, உங்க வண்டியில எந்த ஃபில்டர்?

எல்லா வண்டியிலயும் ஒரே மாதிரி இருக்காது. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகள்ல மாத்துறதுக்குப் பேப்பர் ஃபில்டரே கிடையாது. உள்ள ஒரு வலையும், சுழற்சியில அழுக்கைப் பிரிக்கிற அமைப்பும்தான். நிறைய வண்டிகள்ல போல்ட் போட்ட ஒரு மூடிக்குள்ள பேப்பர் ஃபில்டர் இருக்கும். இன்டர்செப்டர் 650-ல கார்கள்ல வர்ற மாதிரி திருகி மாட்டுற தகர டப்பா. அடம் பிடிக்கிறது பெரும்பாலும் இந்த டப்பாதான்.

காரணம் எளிமையானது. டப்பாவோட வாயில ஒரு ரப்பர் வளையம் இருக்கு. மாட்டும்போது அதுல ஆயில் தடவாம விட்டாலோ, கை பலத்துக்கு மேல ரென்ச் போட்டு இறுக்கினாலோ, எஞ்சின் சூட்டில அது உலோகத்தோட ஒட்டிக்கும். போன தடவை மாட்டினவர் செஞ்ச தப்புக்கு இந்தத் தடவை நீங்க வேர்வை சிந்துறீங்க.

கழட்டுற வரிசை

1. ஆயிலை இறக்குறதுக்கு முன்னாடி ஃபில்டரை அசைச்சுப் பாருங்க. ட்ரேயை அடியில வெச்சுட்டு லேசா தளர்ந்தா போதும், உடனே ஆயிலை இறக்கலாம். அசையவே இல்லையா? ஆயில் உள்ளதான் இருக்கு, வண்டியை ஓட்டிக்கிட்டே மெக்கானிக்கிட்ட போயிடலாம். ஆனா ஒரு தடவை தளர்த்திட்டா அப்படியே ஓட்டக்கூடாது. ஆயில் ஊத்துற மூடி திறக்குதான்னும் இப்பவே பாத்துடுங்க.

2. எஞ்சினை மூணு நாலு நிமிஷம் ஓட விட்டு நிறுத்துங்க. வெதுவெதுப்பு போதும். சைலென்சர் பைப் பக்கத்துலயே இருக்கிறதால கை பத்திரம்.

3. திசையை உறுதி பண்ணுங்க. டப்பாவோட தட்டையான முகத்தை நேரா பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. படுத்துக்கிட்டுத் தலைகீழா பார்க்கும்போது நிறைய பேர் இன்னும் இறுக்கித்தான் விடுறாங்க.

4. ஆயில் பிசுக்கை நல்லா துடைங்க. ரப்பர் கையுறை போட்டோ, சொரசொரப்பான உப்புத்தாளைச் சுத்தியோ முயற்சி பண்ணுங்க.

5. அடுத்து, அளவு சரியா பொருந்துற கப் ரென்ச். லூசா உட்கார்ந்தா டப்பாவோட விளிம்பு மழுங்கிடும். அதுக்கும் அசையலைன்னா பட்டை ரென்ச்சை அடிப்பாகத்துக்குக் கிட்ட மாட்டுங்க. தகரம் அங்கதான் கெட்டி.

6. இதுவும் சரிவரலைன்னா நிறுத்திடுங்க. ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். டப்பா மெல்லிய தகரம், திருகினா கிழியும். நடுவுல இருக்கிற மரைத் தண்டுல குத்திட்டா செலவு இன்னும் ஏறும்.

மூடி போட்ட டைப்பில் ஆபத்து வேற: போல்ட் தலை மழுங்குறது. சரியான அளவு டூலை முழுசா உள்ள அழுத்திட்டுத் திருகுங்க. ஃபில்டர், ஸ்பிரிங், ஓ-ரிங் எந்த வரிசையில இருந்ததுன்னு போன்ல போட்டோ எடுத்துக்குங்க.

மாட்டும்போது

பழைய ரப்பர் வளையம் எஞ்சின்லயே ஒட்டியிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. அது மேலயே புதுசை மாட்டினா ஓட்டத்துல ஆயில் மொத்தமும் வெளிய வந்துடும். புது வளையத்துல புது ஆயில் தடவி, கையால திருகி, வளையம் தொட்டதும் ஃபில்டர் மேல அச்சிட்டிருக்கிற அளவுக்கு மட்டும் இறுக்குங்க. பொதுவா முக்கால் சுற்று. ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், மேனுவல்ல சொன்ன அளவு டார்க். ஆயில் ஊத்தி ஸ்டார்ட் பண்ணதும் ஆயில் விளக்கு அணையுதா, எங்கயாவது கசியுதான்னு பாருங்க. நிறுத்திக் கொஞ்ச நேரம் கழிச்சு அளவைச் சரிபாருங்க.

பழைய ஆயிலைக் கால்வாயிலயோ கமண்டல நாகநதி ஓரத்துலயோ கொட்டாதீங்க. கேன்ல பிடிச்சு, பழைய ஆயில் சேர்த்து வைக்கிற ஒர்க்‌ஷாப்பில கொடுங்க. ஆயில், ஃபில்டர் பில்லையும் ஓடோமீட்டர் போட்டோவையும் ஒரு ஃபோல்டர்ல போட்டு வைங்க. வண்டி விக்கும்போது பேரம் பேச உதவும். வாரன்டியில இருக்கிற வண்டின்னா, கை வைக்கிறதுக்கு முன்னாடி வாரன்டி புக்கைப் படிச்சுடுங்க.

கடைசியா ஒண்ணு. என் தம்பி விட்ட தப்பு ஸ்க்ரூடிரைவர் இல்ல. ஃபில்டர் வருமான்னு பார்க்காம ஆயிலை இறக்கினதுதான். ஆஃபர் லெட்டர் வர்றதுக்கு முன்னாடி ரிசைன் பண்றதும், அவசரத்துக்குப் பணம் வைக்காம முழுச் சேமிப்பையும் லாக்-இன்ல போடுறதும் இதே ரகம்தான். திரும்பி வர வழி இருக்கான்னு பார்த்துட்டு ஆயிலை இறக்குங்க.

போன மாசம் அவனே மறுபடி ஆயில் மாத்தினான். முதல்ல ஃபில்டரை அசைச்சுப் பார்த்துட்டு எனக்கு ஒரே வரியில மெசேஜ் போட்டான்: "அண்ணா, வந்துடுச்சு."