தயிர்ச்சட்டிக்குள் ஒரு புளியங்கொட்டை கூட

பதின்மூன்று பேர்தான் இருந்தோம். இரண்டு தயிர்ச்சட்டிகளையும் கவிழ்த்து எண்ணினால் பதினான்கு புளியங்கொட்டை! எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம். மூலையில் வெற்றிலை வட்டாவோடு இருந்த பெத்தா மட்டும் யாரையும் பார்க்காமல் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தா.

மட்டக்களப்புச் சித்தாண்டியில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்குப் பெயருமில்லை, பலகையுமில்லை. முழுநிலாப் போயா நாளில் ஒரு வீட்டு முற்றத்தில் கூடுவோம். தேத்தண்ணி, எருமைத் தயிர், ஒரு புத்தகம். இதுவரை எல்லாம் நாவலும் சிறுகதையும். இந்தமுறைதான் முதன்முதலாகக் கதையல்லாத ஒன்றை எடுப்பதென்று முடிவு. அடடா, அந்தத் தெரிவு நடந்த பின்னேரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முற்றத்துக்குள் என்ன நடந்தது என்று சொல்லாமல் என்னால் இருக்கவே முடியவில்லை.

விதி ஒன்றுதான். புத்தகத்தைப் பற்றிப் பேசக்கூடாது. அதிலிருந்து ஒரு பக்கத்தை உரக்க வாசிக்க வேண்டும். கேட்பவர்கள் கதிரையில் நிமிர்ந்தால் அந்தப் புத்தகம் அடுத்த சுற்றுக்குப் போகும்.

முதலில் எழும்பியவர் எங்கள் கணித சேர். கையில் விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்'. காரைதீவில் பிறந்த மனிதர், பழந்தமிழரின் யாழை நரம்பு நரம்பாகக் கணக்குப் போட்டு மீட்டெடுத்த நூல். 1947 யூனில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்துவிட்டார். விதியை மறந்து இதைச் சொல்லும்போது சேரின் குரல் இளகியது, நாங்களும் இளகினோம். ஆனால் சுருதிக் கணக்குப் பக்கத்தை அவர் வாசிக்கத் தொடங்கியதும் கதிரைகள் அப்படியே சாய்ந்துவிட்டன. தனியாக இருந்து பென்சிலோடு படிக்க வேண்டிய நூல் அது. அடுத்த வருஷம் நான் அதைத்தான் செய்யப்போகிறேன்.

பிறகு, வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற தங்கச்சி ஒரு ஆங்கில நூலைக் கொண்டுவந்தாள். மார்கரெட் ட்ராவிக் எழுதி 2007இல் வந்தது. போர்க்கால மட்டக்களப்பு, அதில் வளர்ந்த பிள்ளைகள், அவர்களுடைய விளையாட்டு. அவள் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லச் சொல்ல முற்றம் அமைதியாகிப் போனது. "இது நல்ல புத்தகம் தங்கச்சி. ஆனா எனக்கு இன்னும் கொஞ்சக்காலம் போகட்டும்" என்றார் ஒரு அண்ணன். அதற்குமேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

மிஞ்சியவை இரண்டு. இனித்தான் கொம்புமுறி விளையாட்டு! வடசேரி, தென்சேரி என்று பிரிந்து கொக்கியைக் கோர்த்து இழுப்பதுபோல முற்றம் இரண்டாகப் பிளந்தது.

வடசேரியார் கையில் 'மட்டக்களப்பு மான்மியம்'. ஏட்டுச் சுவடிகளில் கிடந்ததை எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்து 1962இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். தென்சேரியார் கையில் மண்டூர்ப் பண்டிதர் வி. சீ. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்', 1964. இரண்டு வருஷ இடைவெளியில் இரண்டு பொக்கிஷம்!

மான்மியப் பக்கத்தை வாசித்தபோது உண்மையாகவே எல்லாரும் நிமிர்ந்தார்கள். அரசர்கள், கோயில் உரிமைகள், குடிகள். நிமிர்ந்ததோடு நிற்கவில்லை, ஆளுக்காள் எட்டிப் பார்த்துத் தங்கள் குடியைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். "எங்கட குடி எத்தனையாம் பக்கம்?" இந்தக் கேள்வியைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஆறு போயா போனாலும் அந்த ஒரு பக்கத்தைத் தாண்டமாட்டோம். நல்ல வரலாற்று நூல்தான், சந்தேகமில்லை. ஆனால் பதின்மூன்று பேர் கூடிப் படிப்பதற்கு எல்லாரும் ஒரே பக்கத்தில் நிற்கக்கூடிய நூல் வேண்டும் என்பது என் பிடிவாதம்.

அடுத்தது 'தமிழகம்'. நாட்டுக்கவி, வசந்தன், கண்ணகி வழிபாடு, எங்கள் பேச்சு எல்லாம் அதற்குள் இருக்கிறது. பேச்சைப் பற்றிய பக்கம் ஒன்றை நான்தான் வாசித்தேன். பாதிப் பக்கம்கூடப் போகவில்லை. மூலையிலிருந்து பெத்தாவின் குரல்.

"நில்லு மனே. களத்துப் பேச்சு வரல்லயே?"

அவ வட்டத்தின் உறுப்பினரே இல்லை. வீட்டுக்கார அக்காவின் தாயார், வெற்றிலை போட வந்து உட்கார்ந்தவ. "களத்துக்குள்ள நின்டுகொண்டு நெல்லெண்டு சொல்லப்படாது. பொலி எண்டுதான் சொல்லணும். பேய் பூதத்துக்கு விளங்கினா விளைச்சலத் தூக்கிக்கொண்டு போயிரும்." வெட்டுமெசின் வந்தபிறகு களமும் போய், அந்தப் பேச்சும் போய்விட்டதாம். தன் புருஷன் சூடு மிதிக்கும் இரவில் "பொலி பொலி" என்று குரல் கொடுத்ததை அவ அப்படியே சொல்லிக்காட்டினா. எழுபது வயதுக் குரல் இருபது வயதுக்குப் போய்வந்தது!

தங்கச்சி கொப்பியைத் திறந்துவிட்டாள். கணித சேர் தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு பெத்தாவுக்குப் பக்கத்தில் போட்டார். புத்தகம் என் மடியில் திறந்தபடியே கிடந்தது. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. இதுதான் எங்கள் புத்தகம் என்று அந்த நிமிஷத்தில் எனக்கு உறுதியாகிவிட்டது. அச்சிலிருக்கும் சொல்லுக்கு முற்றத்திலிருந்து பதில் வருகிறது என்றால் வேறென்ன வேண்டும்?

மறுகா வாக்கெடுப்பு. நூலுக்கொரு தயிர்ச்சட்டி, ஆளுக்கொரு புளியங்கொட்டை. மான்மியத்துக்கு ஐந்து, தமிழகத்துக்கு ஒன்பது. அந்தப் பதினான்காவது கொட்டையைச் செல்லுபடியாக்குவதா என்ற விவாதம் ஒரு நிமிஷம்கூட நீடிக்கவில்லை. பெத்தாவை உறுப்பினராக்கிவிட்டோம்.

கைவசமிருப்பது தாள் பழுத்த ஒரு பிரதி மட்டும். வாசிக்கிற குரல் மாறிக்கொண்டே வரும். புத்தகம் நடுவில், பெத்தா அதற்குப் பக்கத்தில். முதற்பகுதி என் பொறுப்பு.

அடுத்த போயாவுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. இன்று காலை பெத்தா பேத்தியை சைக்கிளில் அனுப்பியிருந்தா. இன்னும் மூன்று சொல் ஞாபகம் வந்திட்டுதாம். மறக்க முந்திக் கொப்பியோட வரட்டாம்.