சிறுநீர் மாதிரி கேட்டால் ஓடாதீர்கள்

2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியின் கடைசி நாள். ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு எட்டுப் பேர் வரவேண்டும். வந்து நின்றது ஒருவர். ஊக்கமருந்துத் தடுப்பு முகமையான 'நாடா'வின் ஆட்கள் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள் என்ற செய்தி பரவியிருந்தது. தடை தாண்டும் ஓட்டத்தில் ஓடிய ஒரு பெண், எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓட, அதிகாரி பின்னால் துரத்த வேண்டியதாயிற்று.

எங்கோ டெல்லியில் நடந்தது என்று பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிப் பக்கத்துப் பெற்றோர்கள் இருந்துவிடக் கூடாது. திருச்சி முடிகண்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து 2019இல் தோஹாவில் ஆசியத் தங்கம் வென்றார். நான்ட்ரோலோன் கண்டுபிடிக்கப்பட்டு, பதக்கம் பறிபோய், நான்கு ஆண்டுத் தடையும் வந்தது. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை வாதாடியும் தடை நீங்கவில்லை. 2024இல் இந்தியாவில் சோதித்த 7,113 மாதிரிகளில் 260 சிக்கின. உடம்பில் மருந்து இருந்தால் பொறுப்பு வீரருடையதுதான். 'கோச் கொடுத்தார், குடித்தேன்' என்பது விசாரணையில் எடுபடாது.

கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் பெரிய திட்டம் போட்டு மாட்டுவதில்லை. இருமல் மருந்திலும் மாட்டுகிறார்கள். பாட்டிலைத் திருப்பி, பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் படியுங்கள். டெர்புடலின் என்று இருந்தால் தொடாதீர்கள். அது எப்போதும் தடைதான். பிரெட்னிசோலோன் மாத்திரையைப் போட்டிச் சமயத்தில் விழுங்கக் கூடாது. சோர்வாக இருக்கிறதென்று போட்டிக்கு முன்னால் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்கிறார்களே, அதுவும் குற்றம்: 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிக்கு மேல் நரம்பில் ஏற்றினால், முறையான மருத்துவமனைச் சிகிச்சையாக இருந்தாலொழிய, விதிமீறல். உள்ளே போவது வெறும் குளுக்கோஸ்தானே என்று கேட்டுப் பயனில்லை. ஆஸ்துமா போன்ற நோய்க்குத் தடைமருந்து தேவைப்பட்டால், டாக்டரின் சீட்டு, பரிசோதனை முடிவுகளோடு நாடாவிடம் மருத்துவ விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். போட்டிக்கு 30 நாள் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். பஸ் ஏறும் அன்று அல்ல.

சோதனைக்குக் கூப்பிட்டால் ஓடாதீர்கள். மறுத்தாலும் ஒளிந்தாலும், உடம்பில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், நான்கு ஆண்டு வரை தடை வரும். ஓடாமல் நின்றவருக்குத்தான் உரிமைகள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போகலாம். அதிகாரியின் அடையாள அட்டையைக் கேட்கலாம். சிறுநீர் கழிப்பதைப் பார்க்க உங்கள் பாலினத்தவரே வரவேண்டும். முத்திரையிட்ட பெட்டிகளில் உங்களுக்குப் பிடித்ததை நீங்களே எடுக்கலாம். பாட்டிலில் உள்ள எண்ணும் படிவத்தில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். கடந்த ஏழு நாளில் எடுத்த மாத்திரை, டானிக், பவுடர் எல்லாவற்றையும் அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். நடைமுறையில் குறை கண்டால் அதையும் அந்தப் படிவத்திலேயே எழுதி, நகலைக் கையோடு வாங்கிவாருங்கள்.

அதே படிவத்தில் முகவரியை எழுதும்போதுதான் பலர் கவிழ்கிறார்கள். கல்லூரி முகவரியையோ உடற்கல்வி இயக்குநரின் மின்னஞ்சலையோ எழுதிவிடுகிறார்கள். மாதிரியில் தடைமருந்து இருந்தது என்று நாடா அனுப்பும் கடிதம் அங்கே மேசையில் கிடக்கிறது. கல்லூரிக்குக் கெட்ட பெயர் வருமே என்று மாணவரிடம் சொல்லாமல் வைத்திருப்பவர்களும் உண்டு. ஒரு பிள்ளையின் பிழைப்பு போகிறது என்ற எண்ணமே இல்லை. உங்கள் சொந்த மின்னஞ்சலையும் வீட்டு முகவரியையும் எழுதுங்கள்.

கடிதத்தில் உள்ள கெடுவுக்குள், உங்கள் சிறுநீரில் இரண்டாவது பாட்டிலில் வைத்த 'பி' மாதிரியைச் சோதிக்கக் கேட்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். பாட்டிலைத் திறக்கும்போது நீங்களோ உங்கள் ஆளோ கூட இருக்கலாம். நான்கு ஆண்டுத் தடை கேட்கும் குற்றச்சாட்டுக் கடிதம் வந்து 20 நாளுக்குள் குற்றத்தையும் தண்டனையையும் ஏற்றால் ஓராண்டு குறையும். ஆங்கிலக் கடிதம் புரியவில்லை என்று அலமாரியில் வைக்காதீர்கள். அன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடமோ, பெரம்பலூர் மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலரிடமோ காட்டுங்கள். மாதிரி எடுத்த நாளுக்குப் பிறகு வென்ற பதக்கங்களும் ரத்தாகும். பல்கலைக்கழக அணியில் ஆடியதற்காக வாங்கும் படிவம் 3 சான்றிதழை நம்பி, விளையாட்டு ஒதுக்கீட்டில் மத்திய அரசு வேலைக்கு விண்ணப்பிக்கிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

ஜிம்மில் விற்கும் புரோட்டீன் டப்பாவைப் பில் இல்லாமல் வாங்காதீர்கள். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், பேட்ச் எண் இரண்டையும் போட்டோ எடுங்கள். காலி டப்பாவைத் தூக்கிப்போடாதீர்கள். கலப்படம்தான் காரணம் என்று வாதாட அதுதான் சாட்சி. புகாரை மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொடுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். ஐந்து லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு ஊசி விற்கும் கடையைப் பற்றி மருந்துகள் ஆய்வாளருக்கு எழுதுங்கள்.

ஊசி போட்டதே பயிற்சியாளர் என்றால் நாடாவுக்குப் பெற்றோரே புகார் எழுதலாம். அவருக்கு நான்கு ஆண்டு முதல் ஆயுள் வரை தடை உண்டு. முதலாம் ஆண்டில் பலருக்கு 17 வயதுதான். 18 ஆகாத பிள்ளைக்கு ஸ்டீராய்டு போட்ட பயிற்சியாளருக்கு விதி சொல்வது பெரும்பாலும் ஆயுள் தடை. புகாரில் பிள்ளையின் பிறந்த தேதியை மறக்காமல் எழுதி, பிறப்புச் சான்றிதழ் நகலையும் இணையுங்கள்.