லாரியின் வெண்புகை

பழைய டீஸல் லாரியைக் காலையில் கிளப்பியதும் எழும் வெண்புகை, எஞ்சின் சூடேறியபின் மறைந்துவிடுமாயின் சங்கத்தார் கவலையுற வேண்டுவதில்லை. பின்னும் நில்லாதிருப்பின், சற்று விலகி நின்று முகர்ந்து பார்த்தல் வேண்டும். டீஸல் நெடி வீசிக் கண் எரியுமாயின், எண்ணெய் முற்றும் எரியாமல் வெளியேறுகின்றது. இன்ஜெக்டர், பம்பின் டைமிங், ஸிலிண்டரின் அமுக்கம் ஆகியவற்றைச் சோதிப்பிக்க வேண்டும். அந்நெடியின்றி ரேடியேட்டர் ஜலம் நாள்தோறும் குறைந்துவருமாயின் விஷயம் வேறு. ஹெட் காஸ்கெட் பழுதுற்றோ, ஹெட் விரிசலுற்றோ ஜலம் ஸிலிண்டருக்குள் கசிகின்றது எனலாம். எஞ்சின் முற்றும் ஆறியிருக்கையில் மட்டும் (சூடாயிருக்கையில் திறப்போர் முகம் வெந்துபோம்) ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்துக் கிளப்பிப் பார்க்க. குமிழிகள் ஓயாது எழுந்தாலும், அளவுகோலில் எஞ்சின் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தாலும் சந்தேகம் வலுக்கும். வண்டி இன்னும் இழுக்கின்றதே என்று பாரமேற்றலாகாது. ஜலம் எளிதில் அமுங்காதாதலின், ஸிலிண்டரில் தேங்கிய ஜலத்தின்மீது பிஸ்டன் ஏறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பின்னர் காஸ்கெட்டை மாற்றினால் போதாது, எஞ்சின் முழுவதையும் பிரிக்க வேண்டிவரும்.