நேர நெருக்கடியில் தோல்வி நிலையை வெல்லுதல்

சதுரங்கத்தில் தோற்கும் நிலையில் இருப்பவரும், எதிராளிக்கு நேரம் குறையும்போது வெல்ல வாய்ப்புண்டு. எளிய காய்ப் பரிமாற்றங்கள் எதிராளியின் வேலையைக் குறைக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலிலும் அவர் புதிதாகக் கணக்கிட வேண்டிய சிக்கலை உருவாக்க வேண்டும். எதிராளியின் அவசரம் தம்மைத் தொற்றிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

2025 ஜூன் 1 அன்று நார்வே செஸ் போட்டியில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், மாக்னஸ் கார்ல்சனிடம் தோற்கும் நிலையில் இருந்தார். அங்கு 41ஆவது நகர்த்தலிலிருந்து, நகர்த்தலுக்கு 10 நொடிகள் மட்டுமே கூடுதலாகக் கிடைக்கும். குகேஷ் ஆட்டத்தைக் கைவிடாமல் தற்காத்தார். நேரம் குறைந்த கார்ல்சன், 52ஆவது நகர்த்தலில் குதிரையால் செக் வைத்தார். அதுவே பெரும் பிழையாகி, ஆட்டம் குகேஷின் வெற்றியில் முடிந்தது. எதிராளி பிழை செய்யும்வரை தாக்குப்பிடித்ததே அவருக்கு அந்த வாய்ப்பைத் தந்தது.