எலும்புக்கு எண்ணெய், ஆவிக்குப் புல்வெளி

பண்டைய ஹிட்டைட் பேரரசின் மன்னர்கள் சாவதில்லை, ‘கடவுளாகிறார்கள்’. அவர்களுடைய ஆவணங்கள் மன்னரின் மரணத்தை இப்படித்தான் குறிக்கின்றன. இன்றைய துருக்கியில், போகஸ்காலே ஊரை ஒட்டி இருக்கிறது அவர்களின் தலைநகரம் ஹத்துசா. 1906 முதல் அங்கே தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் ஒரு தொகுதி, மன்னரோ அரசியோ இறந்தால் 14 நாளும் என்னென்ன செய்ய வேண்டும் என்று நாள்வாரியாகச் சொல்கிறது.

முதல் நாளே ஒரு காளை பலி. பிறகு உடலை எரிக்கிறார்கள். மூன்றாம் நாள் விடியலில் எலும்பு பொறுக்கப் பெண்கள் வருகிறார்கள். சிதையை அணைக்கத் தண்ணீர் இல்லை. 10 குடம் பீர், 10 குடம் திராட்சை மது, 10 குடம் வல்ஹி என்ற இன்னொரு பானம்! எலும்புகளை வெள்ளி இடுக்கியால் எடுத்து, வெள்ளிப் பாத்திரத்தில் உள்ள உயர்தர எண்ணெயில் தோய்த்து, லினன் துணியில் சுற்றுகிறார்கள். ஆணென்றால் அந்த மூட்டைக்கு நாற்காலி, பெண்ணென்றால் முக்காலி.

அடுத்து வருகிறாள், சடங்கு நடத்தும் ‘மூதாட்டி’. அவள் கையில் தராசு. ஒரு தட்டில் பொன், வெள்ளி, மணிகள். மறு தட்டில் வெறும் களிமண். இறந்தவர் எதை எடுத்துக்கொள்வார் என்று கேள்வி பதிலாக ஓர் உரையாடல் நடக்கிறது. கடைசியில் தேர்வாவது களிமண்தான்.

இத்தனை சிரத்தைக்குக் காரணம் பயம் என்றே தோன்றுகிறது. வேறொரு பலகை காட்டும் பாதாளம் கொடியது. அங்கே தாய்க்குப் பிள்ளையைத் தெரியாது, உடன்பிறந்தோர் ஒருவரையொருவர் அடையாளம் காண மாட்டார்கள். சாப்பாடு மண், குடிப்பது சேற்று நீர். மன்னருக்கு மட்டும் இந்தக் கதி வரக்கூடாது. அதனால் சடங்கில் ஒரு நாள் புல்தரையைப் பாளமாக வெட்டியெடுத்து, சூரியக் கடவுளிடம் வேண்டுகிறார்கள்: இந்தப் புல்வெளியை அவருக்கே உரிமையாக்கு, யாரும் பறிக்கக் கூடாது, அவருடைய மாடும் ஆடும் குதிரையும் கோவேறு கழுதையும் இதில் மேயட்டும். மறுமையிலும் சொத்துரிமை! அரண்மனை அல்ல, மேய்ச்சல் நிலம்தான் அவர்கள் கண்ட சொர்க்கம்.

குடிமக்களின் நிலை வேறு. தலைநகரை அடுத்த ஒஸ்மான்கயாசி இடுகாட்டில் எரித்தவர்களும் புதைத்தவர்களும் அருகருகே கிடக்கிறார்கள். சிலரோடு குதிரை, கழுதைத் தலைகளும் உண்டு.

மன்னரின் எலும்புகளை ‘கல் வீடு’ என்ற கட்டடத்தில் கட்டிலின் மேல் வைத்து, விளக்கேற்ற வேண்டும் என்கிறது சடங்கு நூல். ஹத்துசாவுக்கு அருகிலுள்ள யாசிலிகயாவின் சிறிய பாறை அறை நான்காம் துதாலியா மன்னரின் நினைவிடமாக இருக்கலாம் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். எலும்பு ஏதும் கிடைக்கவில்லை. நூறாண்டுக்கு மேல் அகழ்ந்தும், இன்ன மன்னருடையது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரு ஹிட்டைட் கல்லறைகூட இதுவரை அகப்படவில்லை.